தொண்டை கட்டிய நாளில் ஒரு படகு

அலை துரத்த, பாதி கரையேறிய படகு மணலில் முரண்டு பிடிக்கிறது. வெயில் அதன் ஈர வயிற்றில் பளபளக்கிறது. பின்னால் கடல் கறுத்து எழும்புகிறது. பேரலை வருவதற்குள் மேலே ஏற்றாவிட்டால் பலகை பலகையாகச் சிதறிவிடும். வடம் இழுப்பவர்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கிறவனுக்கோ இன்று தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று யாரோ எண்ணுகிறார்கள். பாட்டுக்கு இழுத்தே பழகிய கைகள். சிலர் ரெண்டுக்கு இழுக்க, சிலர் மூணுக்கு இழுக்க, படகு இம்மியும் நகரவில்லை. அப்போது வடத்தின் கடைசியிலிருந்து பாட்டுக்காரன் மனைவியின் குரல் எழுகிறது. பெண் குரல் பாட்டெடுத்து அந்தக் கரை கேட்டதே இல்லை. "ராத்திரியெல்லாம் கொறட்ட விட்டு..." "ஐலசா!" கைகள் தாமாகவே சேர்ந்து இழுக்கின்றன. "எங்க வீட்டு ராசாவுக்குத் தொண்ட போச்சு!" "ஐலசா!" சிரிப்பும் மூச்சும் ஒன்றாக வெடிக்கின்றன. மணல் நறநறக்கப் படகு அசைகிறது, ஏறுகிறது, ஏறிவிட்டது! பேரலை வந்து வெறும் மணலை அறைந்துவிட்டுப் போகிறது. "அக்கா, அடுத்த படகுக்கும் நீயே எடுத்துக் குடு!" என்று கரையே கத்துகிறது. அவன் தன் இடத்தை அவளுக்குக் காட்டிவிட்டு, வடத்தின் கடைசிக்குப் போய் நின்று, சத்தம் வராத வாயை ஐலசாவுக்காக அகலத் திறக்கிறான்.