நாலு பல்லுக்கு ஒரு கடிதம்

“வாயைத் திறக்க முதல் ஒண்டு கேக்கட்டே, தம்பி?” என்றார் பூரணம், பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தபடி.

“கேளுங்கோ ரீச்சர்.”

“எந்த ஊர்? ஆரின்ரை மகன்?”

சிவதர்ஷன் சிரித்துக்கொண்டே சொன்னான். மருத்துவரை விசாரிக்காமல் வாயைத் திறக்கும் நோயாளி யாழ்ப்பாணத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஊர் சங்கானை என்பதில் தொடங்கி, அப்பா கனகரத்தினம் தபால் கந்தோரில் என்ன வேலை பார்த்தார் என்பது வரை தெரிந்துகொண்ட பிறகுதான் பூரணத்தின் வாய் திறந்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட அவன் கிளினிக் திறந்து எட்டு மாதம். நாற்காலி புத்தம் புதிது. அதில் சாயத்தான் ஆளில்லை. இப்படியே போனால் தைப்பொங்கலோடு கதவைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு வேலை தேடிப் போகவேண்டியதுதான் என்பது அவனுக்கும் தெரியும், உதவிக்கு நிற்கும் கஜானிக்கும் தெரியும். பூரணமோ இணுவிலில் முப்பது வருடம் படிப்பித்தவர். அவர் திருப்தியாய்ப் போனால் பாதி இணுவில் பின்னால் வரும்.

மெல்லிய அளவுகம்பியை ஈறாகிய முரசுக்கும் பல்லுக்கும் இடையில் விட்டு, பள்ளம் எத்தனை மில்லிமீற்றர் என்று ஒவ்வொரு பல்லாக அளந்தான்; மூன்று நாலைத் தாண்டினால் பிழை.

“மூண்டு, மூண்டு, நாலு...” அவன் சொல்லச் சொல்லக் கஜானி அட்டையில் எழுதினாள். கீழ் முன்பற்களுக்கு வந்ததும் அவன் குரல் இறங்கியது. “ஆறு, ஏழு, ஆறு, ஏழு.” அந்த நாலும் தொட்டால் ஆடின. எக்ஸ்ரேயைப் பார்த்தால், அடி எலும்பு பாதி கரைந்திருந்தது.

“சீனி வருத்தம் இருக்கோ ரீச்சர்?”

“ஓம், பத்து வரியமா. நாலு பல்லுத்தானே தம்பி, கழட்டி விடுங்கோவன்.”

“கழட்டுறது அஞ்சு நிமிச வேலை. பேந்து முளைக்காதே. இது காப்பாத்தக்கூடிய பல்லு.”

“அப்ப நீங்களே கிளீன் பண்ணி விடுங்கோ.”

பூரணத்தின் தலைக்குப் பின்னால் நின்ற கஜானி, ஓம் என்று சொல்லச் சொல்லி விழுந்து விழுந்து தலையாட்டினாள். சிவதர்ஷனுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நாலு தரம் வரச்சொல்லி, மேலோட்டமாகச் சுரண்டி அனுப்பினால் ரீச்சருக்கும் சந்தோசம், கிளினிக்கும் பிழைத்துவிடும். பல்லுத்தான் பிழைக்காது.

“மற்றப் பல்லெல்லாம் நான் கிளீன் பண்ணுவன் ரீச்சர். இந்த நாலிலையும் ஊத்தை நல்லா ஆழத்திலை இருக்கு. முரசை விலக்கித்தான் எடுக்கவேணும். எலும்பும் கரைஞ்சிட்டுது, சீனியும் இருக்கு. முரசு வருத்தத்துக்கெண்டே மேல படிச்ச ஆக்கள் இருக்கினம், அவை பாத்தாத்தான் நல்லம். நான் கடிதம் தாறன்.”

“அப்ப உங்களுக்கு ஏலாதோ?”

இந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்தான். வேறு ஆளிடம் அனுப்புகிற டொக்டருக்கு வேலை தெரியாது என்பது ஊர் வைத்திருக்கிற கணக்கு. போன மாதம் இப்படி அனுப்பிய மூன்று பேரில் ஒருவர்கூட அவனிடம் திரும்பவில்லை. அவனுக்கு முகம் சுட்டது.

“இந்த நாலுக்கும் ஏலாது ரீச்சர்,” என்றான்.

பூரணம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆரட்டை அனுப்பப் போறியள்?”

“யாழ்ப்பாணம் ரவுணிலை டொக்டர் கோபிகா எண்டு இருக்கிறா. நான் நேரை கண்டதில்லை. ஆனா நான் அனுப்புற ஒவ்வொரு ஆளுக்கும், என்ன செய்தவ, ஏன் செய்தவ எண்டு வடிவா விளங்கப்படுத்திப் பதில் எழுதுவா.”

“அதை இவர் மூண்டு தரம் வாசிப்பார்,” என்றாள் கஜானி எரிச்சலோடு. சிவதர்ஷனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. குனிந்து கடிதத்தை எழுதத் தொடங்கினான்.

பூரணம் வாய் கொப்பளிக்கப் போன நேரம் பார்த்து அவள் கிட்ட வந்தாள். “வலிய வந்த சீதேவியைக் காலாலை உதைக்கிறியள் டொக்டர். இணுவில் போச்சு.”

“போகட்டும் பிள்ளை. பல்லு இருக்கட்டும்,” என்றான். சொன்ன பிறகு, ஏனோ மனம் லேசாக இருந்தது.

பூரணம் திரும்பி வந்து கடிதத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கஜானி எழுதிய அட்டையையும் கேட்டு வாங்கினார். பிறகு கைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து அதற்குப் பக்கத்தில் விரித்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் போல விரலை வைத்து வரிவரியாக ஒப்பிட்டார். சிவதர்ஷன் எட்டிப் பார்த்தான். அதே நாலு பல், அதே ஆறு, ஏழு, ஆறு, ஏழு. கீழே டொக்டர் கோபிகாவின் கையெழுத்து.

“இது போன கிழமை என்ரை மகள் அளந்து எழுதினது,” என்றார் பூரணம். “இதுக்குள்ளை வேற ரெண்டு பல் டொக்டர்மாரிட்டையும் வாயைக் காட்டிப் போட்டன், ஒருத்தர் நாலையும் கழட்ட வெளிக்கிட்டார், மற்றவர் பற்பசையை மாத்தச் சொன்னார். மகளுக்கெண்டு வந்த அவையின்ரை சாதகத்தைத் திருப்பிக் குடுத்தாச்சு, நீங்கள் உங்கடையைத் தாங்கோ தம்பி.”