சத்தியம் கேட்ட பருந்து

ஈச்சமரத்தைக் காவல் காத்துவந்த கரிச்சான்களைச் சண்டையில் விரட்டிவிட்டு, பருந்து உச்சிமட்டையில் உட்கார்ந்தது. கூடு பின்னிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவியைக் கூப்பிட்டு, “இனி நான்தான் ராஜா என்று சத்தியம் செய். கரிச்சான் தலை தெரிந்தால் எனக்குத் துப்புக் கொடு” என்றது.

குருவி அலகிலிருந்த கடைசி நாரைக் கூட்டில் செருகி முடித்துவிட்டுத்தான் திரும்பியது.

“சத்தியமும் கிடையாது, துப்பும் கிடையாது. மரம் உங்கள் பிடியில் இருக்கும்வரை எங்கள் குஞ்சுகளுக்கு இரையும் பாதுகாப்பும் குறையாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. எல்லாப் பறவைகளும் கூடி ஒப்புக்கொண்ட சட்டம் அது.”

“தோற்றவனுக்கு இவ்வளவு திமிரா?”

“சண்டை போட்டுத் தோற்றது கரிச்சான். நான் இந்த மரத்துக்காரன்.”

சொல்லிவிட்டுப் பறந்துபோய் நார் கொண்டுவந்த குருவி, பருந்து உட்கார்ந்திருந்த மட்டையிலேயே அடுத்த கூட்டுக்கு முதல் முடிச்சுப் போட்டது.