ஒத்திகை பார்த்த இருமல்

மேலாளர் காலையிலிருந்தே வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து அதிகாரி அம்மா வருகிறார். புகைப்பழக்கத்தை விட உதவும் அந்த ஆலோசனை மையத்திலோ, ஃபோன் அடிக்கிற வழியைக் காணோம்.

எப்படி அடிக்கும்? நம்பரை ஊருக்குச் சொல்ல விளம்பரம் வேண்டும், விளம்பரத்துக்குப் பணம் வேண்டும். பணம் கேட்டால், ஃபோனே வரவில்லையே, எதற்குப் பணம் என்கிறார்கள். இந்த முறையும் கைவிரித்துவிட்டால் மையத்துக்குப் பூட்டுதான்.

வேறு வழி தெரியாமல், மையத்துக்கு ஒரு ஃபோன் போட்டு நடிக்கச் சொல்லி மனைவியின் தம்பியிடம் காலில் விழாத குறையாகக் கேட்டார். மச்சான் ஊதித் தள்ளுகிற ஆள். பள்ளி நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவன் வேறு. சும்மா இருப்பானா? வீடே அதிர இருமி ஒத்திகை பார்த்தான்.

அதிகாரி அம்மா வந்து உட்கார்ந்தார். சொல்லி வைத்தபடி ஃபோன் அடித்தது. தானும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

மச்சான் இருமினான். போர்க்களத்தில் உயிரை விடுகிற ராஜா மாதிரி இருமினான். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயம் தெரியாத ஆலோசகர் பெண் மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"சார், நீங்க பத்த வச்சதும் வீட்ல யாராவது எழுந்து போறாங்களா?"

இருமல் நின்றது. லைனும் போய்விட்டது. வசனத்தை மறந்து தொலைத்துவிட்டானே என்று மேலாளர் பல்லைக் கடித்தார்.

அதிகாரி அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்களுக்கு வேண்டியவரா?"

மேலாளருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்படி ஏமாத்தறவங்களுக்கு ஒரு பைசா தரமாட்டோம் சார்."

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ஃபோன் மறுபடி அடித்தது. மேலாளர் பாய்ந்து எடுத்தார்.

"போதும்டா மச்சான், குட்டு உடைஞ்சு போச்சு. இனிமே நடிக்காதே."

அணைக்க மறந்த ஸ்பீக்கரில் குரல் மெல்ல வந்தது.

"நடிக்கல மாமா. நான் பத்த வச்சா பாப்பா எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவா. விளையாடப் போறான்னு நினைச்சுட்டிருந்தேன். இப்பதான் பாக்கெட்டைக் கசக்கிப் போட்டேன். இனி என்ன செய்யணும்னு கேக்கணும். அந்த மேடம்கிட்ட குடுங்க."

ஆலோசகர் பெண் ஃபோனை வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

அதிகாரி அம்மா ஓசைப்படாமல் திரும்பி வந்தார். மேலாளர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"விளம்பரத்துக்கு எவ்வளவு வேணும்னு சொன்னீங்க?"