முகத்துவாரப் பாடு

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்ற முறைக்குப் பசியாவரம் என்ற மீனவர் ஊரில் பாடு என்று பெயர். 1979இல் அதை மாசிலாமணி ஒருவர்தான் மனத்தில் வைத்திருந்தார். படகுக்காரர்கள் விடியலில் ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்பார்கள். ஒருவர் கேட்கும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

ஒருநாள் எல்லோரும் கேட்டு முடித்த பிறகு, மாசிலாமணி ஆளில்லாத பக்கம் திரும்பினார்.

"உனக்கு முகத்துவாரப் பாடு, எட்டியப்பா."

எட்டியப்பன் போன ஐப்பசியில் ஏரியில் மூழ்கிச் செத்தவன்.

"இன்னா மாமா, யாருக்குச் சொல்ற?" என்றான் படகுக்காரன் கஜேந்திரன்.

"கேட்டான். சொன்னேன்."

ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு அன்று யாரும் போகவில்லை. மத்தியானம் அடித்த காற்றில் கஜேந்திரனின் படகு கவிழ்ந்தது. தண்ணீர் அவனைக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முகத்துவாரத்தில் அவன் கைக்கு ஒரு கழி தட்டுப்பட்டது. அதில் வலை கட்டியிருந்தது. காற்று அடங்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் எல்லோரும் கேட்டு முடித்தார்கள். மாசிலாமணி மறுபடியும் ஆளில்லாத பக்கம் திரும்பினார். ஒருவன் பேச்செடுத்தான். கஜேந்திரன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"சும்மா இருடா," என்றான் மெதுவாக. "அவன் கேட்டு முடிக்கட்டும்."