பாஸ்போர்ட்டில் உள்ளபடி

டனல் ஏறவில்லை. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

பிஸ்கட்டவே ஆபீஸுக்கும் சான்டா கிளாரா ஆபீஸுக்கும் நடுவே, இன்டர்நெட்டுக்குள்ளேயே யார் கண்ணிலும் படாமல் ஒரு பாதை, அதுதான் டனல். இரண்டு முனையிலும் ஒரே ரகசியச் சொல்லை அடித்தால்தான் அது திறக்கும்.

சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் பிஸ்கட்டவேயில் இருந்த பசீர் அகமது. நேற்று போனில் பெருமையாகத்தான் சொன்னார்.

"நம்ம கீழக்கரைதான் தம்பி. எந்த ஹேக்கருக்கும் வாயில நுழையாது. ஸ்பெல்லிங் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போட்டுடு."

சான்டா கிளாராவில் இருந்த ஜுஹைரும் அதே ஊர்க்காரன். அண்ணனைக் கூப்பிடும் ஊர் வழக்கப்படி "சரி காக்கா" என்றான்.

இப்போது ஸ்பீக்கர் போனில், தன் அறையிலிருந்தபடியே, மேனேஜர் டேவும் இருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். தப்பு யார் பக்கம்?

சும்மா கேட்ட கேள்வி இல்லை அது. மாதக் கடைசியில் இருவரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். வேலை போனால் விசாவும் போச்சு.

"சான்டா கிளாரா பக்கம்" என்றார் பசீர், சட்டென்று. அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் கே-க்கு அடுத்து ஒரே ஒரு ஐ. அவருடைய இமெயில் ஐடியிலேயே ஊர்ப் பெயர் அப்படித்தான் இருந்தது.

போனில் ஜுஹைர் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

அவனுக்கு எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டிவிடலாம் என்று, விசா பேப்பருக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்திருந்த பாஸ்போர்ட்டைப் பிரித்தார். பிறந்த இடம்: கே, ஈ, ஈ.

இரண்டு ஈ.

காது மடல் வரை சுட்டது. சொல்ல வேண்டியது ஒரு வரிதான், வாய் வரவில்லை. சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே கேவலமாக இருந்தது. ஆனாலும் கை கீபோர்டுக்குத்தான் போனது.

அதற்குள் திரையில் பச்சை விழுந்தது. டனல் ஏறிவிட்டது.

அவர் இன்னும் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

"என் தப்புதான் டேவ், ஸ்பெல்லிங்" என்றான் ஜுஹைர், ஆங்கிலத்தில்.

"குட் ஜாப், பசீர்" என்று சொல்லிவிட்டு டேவ் லைனை விட்டுப் போனார்.

"நான் ஒரே ஐ போட்டது உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டார் பசீர்.

"நான் வேலை கேட்டு முதமுதல்ல மெயில் போட்டதே உங்க ஐடிக்குத்தான் காக்கா. ஸ்பெல்லிங் மறக்குமா?"

போய் உண்மையைச் சொல்லிவிட, டேவின் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. பசீர் உட்கார்ந்தே இருந்தார்.