கோபுரச் சோற்றின் உச்சி

இந்தோனேசியாவின் சுராபாயாவில் எங்கள் கைபேசிக் கடை. புது மாடல் அறிமுக நாளன்று மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்திருந்தோம். உச்சியை வெட்டி, கூட்டத்தில் மதிப்புக்குரியவருக்கு முதலில் கொடுப்போம்.

முன்வரிசையில் பாக் ஹர்ஜோ என்றொரு பெரியவர்; ‘பாக்’ என்றால் இங்கே ‘ஐயா’ மாதிரி. அவருக்கு இருப்பே கொள்ளவில்லை.

“பழசைவிட இது ரொம்ப மெலிசு,” என்று ஆரம்பித்தேன்.

“அடேங்கப்பா!”

“முதுகுப் பக்கமும் கண்ணாடி.”

“ரெண்டு பக்கமுமா? உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்மா!”

“ஓரமெல்லாம் பட்டு மாதிரி வழவழன்னு இருக்கும், பாக்.”

“கையில நிக்குமா?”

“கொஞ்சம் வழுக்கும்,” என்று இழுத்தேன்.

“வழுக்கட்டும்மா! அதான் அழகே!”

இப்படியொரு ரசிகரா! உச்சியை வெட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். கூட்டம் கைதட்டியது. அவர் ரசித்துச் சாப்பிட்டார்.

“எந்த நிறத்துல எடுத்து வைக்கட்டும், பாக்?”

“எனக்கா? என்கிட்ட பழைய பட்டன் போன் கல்லு மாதிரி இருக்கு. அது போதும்மா.”

எனக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுமாதம் எங்கள் கடை இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கடையைப் பெரிதாக்கித் திறந்தார்கள். அழைப்பு வந்ததால் போனேன். அங்கேயும் மஞ்சள் சோற்றுக் கோபுரம். கத்தியோடு நின்றவர் பாக் ஹர்ஜோ! உச்சியை வெட்டி நேராக என்னிடம் நீட்டினார்.

“வாங்கிக்கம்மா. இந்தக் கடை வளர்ந்ததே உன்னாலதான்.”

ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பெயர்ப்பலகையைப் பார்த்தேன்.

‘கைபேசி கீழே விழுந்துவிட்டதா? உடைந்த கண்ணாடி உடனே மாற்றித் தரப்படும்.’