எட்டுக் கட்டு கேரட்

"ஏனுங்க சிஸ்டர், போன வருஷம் ஒரு பிள்ளை வெறும் பையை உதறிட்டுப் போனதை இந்தக் கண்ணால பார்த்தனுங்க. இந்த வருஷம் நிறுத்தித்தான் வாங்கோணும்!"

சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்த கொக்கித் தராசை மேசைமேல் வைத்தாள் வனிதா. தேயிலை எடை போடும் கொட்டகையில் இரவல் வாங்கியது.

மலையில் எமரால்டு ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் மொத்தமே நாற்பத்தொரு பிள்ளைகள். பள்ளித் திருநாள் அன்று எல்லோருக்கும் கூட்டாஞ்சோறு உண்டு. பள்ளியில் தைத்துக் கொடுத்த மஞ்சள் பையில், வீட்டில் இருக்கும் காயைப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொருவராக ஸ்டோர் ரூமுக்குள் போய் அண்டாவில் கொட்டிவிட்டு வரவேண்டும். யார் எவ்வளவு கொட்டினார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது. தலைமையாசிரியை சிஸ்டர் ராஜகுமாரி போட்ட சட்டம் அது.

பார்க்கக் கூடாது என்றால் எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லாமலா போகும்? போன வருஷம் வனிதா கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். ஒரு சின்னக் கை மஞ்சள் பையைத் தலைகீழாக உதறியது. ஒரு மிளகாய்கூட விழவில்லை. முகத்தைப் பார்ப்பதற்குள் யாரோ வந்துவிட்டார்கள்.

ஒரு வருஷமாக அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்போது அவள் பெற்றோர் சங்கத் தலைவி வேறு. சும்மா விடுவாளா?

"அம்மாமாருங்க தினமும் இலையைத் தூக்கிட்டு எடைக்கு நிக்கறாங்க, வனிதா. பிள்ளைகளையும் நிறுத்தணுமா?" என்றார் சிஸ்டர்.

"நியாயம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? எம் புள்ள சசிரேகா எட்டுக் கட்டு கேரட்டைத் தூக்க மாட்டாம தூக்கிட்டு வருது. இன்னொண்ணு கையை வீசிட்டு வந்து பந்தியில உக்காருது!"

சிஸ்டர் ஜன்னல் வழியாக கேட் பக்கம் பார்த்தார். பிள்ளைகள் கும்மாளமாக வந்துகொண்டிருந்தார்கள். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார்.

"சரி, நிறுத்துங்க. ஆனா கடைசிப் பிள்ளை வரைக்கும் நிறுத்தணும். பாதியில விடக் கூடாது."

தராசு ஸ்டோர் ரூம் வாசலில் தொங்கியது. வராந்தாவில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பொன்னாயியின் கை அப்படியே நின்றது. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரி. இலை பறிக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையலுக்கு உதவ வந்தவள். அவள் முகம் வெளுத்ததை வனிதா கவனித்துவிட்டாள்.

'ஓஹோ, இவ பையன்தானா?' என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் ஆளாக அவனையே கூப்பிட்டாள். "அஜய், நீ வா சாமி."

இரண்டாம் வகுப்பு அஜய் ஓடிவந்து பையைக் கொக்கியில் மாட்டினான். முள் அரைக் கிலோவுக்கு இறங்கியது.

"ஏதுடா இது?" பொன்னாயி பதறிக்கொண்டு எழுந்தாள். "காலையில வெறும் பையைத்தானேடா குடுத்தேன்!"

வனிதா பையை விரித்தாள். உள்ளே ஒரு கட்டு கேரட். கட்டியிருந்தது சேலையின் ஊதாக் கரை. அவளுடைய பழைய சேலையைக் கிழித்து அவளே கட்டியது.

"இது எங்க தோட்டத்துக் கேரட்டு!" வனிதாவின் குரல் உயர்ந்தது. "வெறும் பையோட வந்திருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன் பொன்னாயி. எம் புள்ள பையிலயே கையை வைக்கறதா?"

பொன்னாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்க பிள்ளை எடுக்க மாட்டான்க்கா..."

"அடுத்த ஆளு வாங்க," என்றார் சிஸ்டர் நிதானமாக.

அடுத்து வந்தவள் லைன் வீட்டு மருதாம்பாளின் பேத்தி. அரைக் கிலோ கேரட். ஊதாக் கரை.

அதற்கு அடுத்த பையிலும் ஊதாக் கரை.

லைன் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர். எட்டுப் பையிலும் ஊதாக் கரை. வனிதாவுக்குத் தலை சுற்றியது. எட்டுப் பேர் சேர்ந்தா திருடுவார்கள்?

மற்றவர்கள் கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு என்று நிறுத்திவிட்டுப் போனார்கள். கடைசியாக சசிரேகா வந்தாள். நாலாம் வகுப்பு. அம்மாவைப் பார்க்காமல் பையைக் கொக்கியில் மாட்டினாள்.

முள் அசையவே இல்லை.

"எங்கடி கேரட்டு?"

"பம்ப் ஹவுஸ் வளைவுல எல்லாரும் நின்னுட்டிருந்தாங்கம்மா. வெறும் பையோட உள்ள வர வெக்கமா இருக்குதுன்னாங்க. எட்டுக் கட்டு, எட்டுப் பேரு. ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டேன்."

"உனக்கு?"

சசிரேகா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "என்னைச் சேர்த்துக்க மறந்துட்டேம்மா."

வராந்தாவில் ஒரே சிரிப்பு. அஜய்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். வனிதாவுக்குத்தான் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தராசைக் கழற்றிவிட்டுப் பொன்னாயியிடம் போனாள்.

"பொன்னாயி, வாய் தவறிப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

"அதை விடுங்கக்கா. கேரட்டு நெறையக் கெடக்கு, வந்து சீவுங்க." பொன்னாயி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கத்தியை நீட்டினாள்.

வனிதா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு கேரட் சீவியதும் பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க சிஸ்டர், அப்ப போன வருஷம் வெறும் பையை உதறினது யாருங்க?"

சிஸ்டர் சசிரேகாவின் தலையைத் தடவினார்.

"போன வருஷமும் இவ தன்னைச் சேர்த்துக்க மறந்துட்டா, வனிதா."